‘ஹீ ஹா’வில் கோமாளி வேஷம் போட்டவர்கள் உண்மையில் யார்?

கேள்வி இது: “ஹீ ஹா என்ற பழைய அமெரிக்க கன்ட்ரி இசை நிகழ்ச்சியின் துண்டுகள் சிலவற்றை யூடியூபில் பார்த்தேன். சோளக்கொல்லைக்குள்ளிருந்து தலையை நீட்டி மொக்கை ஜோக் சொல்கிறார்கள். கிழிந்த தொப்பி, முழங்காலுக்கு இறங்கிய கால்சட்டை, ஒட்டு மீசை. அடுத்த நிமிடம் அதே ஆட்கள் பிரமாதமாக வாசிக்கிறார்கள். இவர்கள் நடிகர்களா, பாட்டுக்காரர்களா? இல்லை, நிஜமாகவே இப்படிப்பட்ட கிராமத்து ஆட்களா?”

பழைய அமெரிக்க நாட்டுப்புற இசையை நான் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன், அந்த உரிமையில் நேராகச் சொல்கிறேன். அந்தச் சோளக்கொல்லையில் நின்றவர்களில் பலர் தங்கள் வாத்தியத்தில் அந்த நாட்டிலேயே முதல் வரிசைக்காரர்கள். அசட்டுத்தனம் அவர்களுடைய இயல்பு அல்ல, பரம்பரையாகக் கைமாறி வந்த ஒரு மேடைத் தொழில். ஒரே ஒருவர் மட்டும் எந்த வேஷமும் போடாமல் வந்து நின்றார். அவரைப் பற்றிக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் நிகழ்ச்சி. 1969 ஜூன் 15 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அரசியல் கிண்டலுக்காக நிறுத்தப்பட்ட ஸ்மதர்ஸ் சகோதரர்களின் நிகழ்ச்சி இருந்த இடத்தில், கோடைக்கால மாற்றாகக் கொண்டுவந்தார்கள். உருவாக்கியவர்கள் ஃபிராங்க் பெப்பியட், ஜான் எய்ல்ஸ்வொர்த் என்ற இரண்டு கனடாக்காரர்கள். அப்போது ‘லாஃப்-இன்’ என்ற நகர்ப்புற நகைச்சுவை நிகழ்ச்சி சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. பட்பட்டென்று வெட்டி ஒட்டிய துணுக்குகளால் ஆனது அது. அதே வேகத்தில் கிராமத்து ஜோக்கையும் கன்ட்ரி பாட்டையும் கோத்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் இது. ‘ஹீ ஹா’ என்பது கழுதை கத்தும் சத்தம். கதை நடக்கும் இடத்துக்குக் ‘கார்ன்ஃபீல்ட் கவுன்ட்டி’ என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் கார்ன் என்றால் மக்காச்சோளம், அரதப்பழசான ஜோக்குக்கும் அதே சொல்தான். சோளக்கொல்லையிலிருந்து தலைகள் முளைத்து ஜோக் சொல்வதற்கு அதுதான் காரணம். பழைய ஜோக் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

படப்பிடிப்பு நாஷ்வில் நகரத்தில், வருடத்துக்கு இரண்டு முறை, சில வாரங்கள் மட்டும் நடக்கும். ஒரு பருவத்துக்கான சோளக்கொல்லை ஜோக்குகளையெல்லாம் வரிசையாக எடுத்து முடித்துவிடுவார்கள். அப்புறம் முடிதிருத்தகக் காட்சிகள், அப்புறம் பாட்டுகள். பிறகு எடிட்டிங் அறையில் வாரா வாரத்துக்குப் பிரித்துக் கோப்பார்கள். இதனால் ஒரு பெரிய வசதி கிடைத்தது. வருடம் முழுக்க ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும் முன்னணிக் கலைஞர்கள்கூட இதில் நிரந்தரமாக இடம்பெற முடிந்தது. வாரந்தோறும் படப்பிடிப்பு என்று வைத்திருந்தால் இந்தக் கூட்டத்தைச் சேர்த்திருக்கவே முடியாது.

வேஷம் எங்கிருந்து வந்தது? தொலைக்காட்சிக்கு வெகு காலம் முந்தியது அது. தென் மாநிலங்களில் கூடாரம் போட்டு நாட்டு மருந்து விற்பவர்கள், கூட்டம் சேர்க்க ஒரு பாட்டுக்காரரையும் ஒரு கோமாளியையும் கூட்டிக்கொண்டு திரிவார்கள். இரண்டு சம்பளம் கொடுக்க முடியாதபோது இரண்டையும் ஒரே ஆள் செய்வார். 1925இல் நாஷ்வில்லில் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சி தொடங்கியபோது அந்த ஆட்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அங்கிள் டேவ் மேகன் என்ற பெரியவர், பேன்ஜோவைத் தூக்கிப் போட்டு, சுழற்றி, கதை சொல்லி, நடுநடுவே அபாரமாக வாசிப்பார். வாசிப்பும் வேடிக்கையும் ஒரே கையில் இருப்பதுதான் அந்த மரபு. ஹீ ஹாவின் மூத்தவர்கள் அவருடைய நேர் வாரிசுகள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தவர் கிராண்ட்பா ஜோன்ஸ். இயற்பெயர் லூயிஸ் மார்ஷல் ஜோன்ஸ், 1913இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். அவருக்குத் ‘தாத்தா’ என்று பெயர் வந்தது 22 வயதில்! 1935இல் பாஸ்டன் நகர வானொலியில் பிராட்லி கின்கெய்ட் என்ற பாடகருடன் அதிகாலை நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தார். முந்தைய இரவு எங்கேயோ கச்சேரி முடித்துவிட்டு, தூக்கமில்லாமல் வந்து மைக் முன்னால் முணுமுணுப்பார். அந்தக் குரலைக் கேட்டு, யார் இந்தக் கிழவர், என்ன வயது என்று நேயர்கள் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கின்கெய்ட் அதையே பிடித்துக்கொண்டு ‘தாத்தா’ என்று கூப்பிட்டார், பழைய தோல் பூட்ஸ் ஒரு ஜோடியும் கொடுத்தார். அப்போதே அரை நூற்றாண்டு பழசான பூட்ஸ். ஒட்டு மீசை, முகத்தில் வரைந்த சுருக்கம், கால்சட்டைக்குத் தோள்பட்டி. வேஷம் முடிந்தது. ஹீ ஹாவில் நாம் அவரைப் பார்க்கும்போது வயதும் வேஷத்தை எட்டிப்பிடித்துவிட்டது, மீசையும் சொந்த மீசை.

அவர் கையைப் பாருங்கள். பேன்ஜோ என்பது தோல் கட்டிய வட்டத்தில் நீளமான கழுத்து பொருத்திய வாத்தியம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் தங்கள் நினைவிலிருந்து அமெரிக்காவில் செய்துகொண்டது. ஜோன்ஸ் வாசிப்பது ‘கிளாஹேமர்’ என்ற பழைய முறை. விரலால் கம்பியை மீட்ட மாட்டார். கையைக் கொக்கி போல மடக்கி, நகத்தின் பின்பக்கத்தால் மேலிருந்து கீழே தட்டுவார். கை மேலே எழும்போது கட்டைவிரல் ஐந்தாவது குட்டைக் கம்பியைத் தெறித்துவிட்டுப் போகும். தாளமும் மெட்டும் ஒரே கையிலிருந்து வரும். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கசின் எம்மி என்ற பெண் கலைஞர். ஜோன்ஸ் குரலைச் சட்டுச்சட்டென்று மேலும் கீழும் தாவவிடும் ‘யோடல்’ முறையில் பாடிக்கொண்டே, காலை உதைத்துக்கொண்டே இருப்பார், அந்த வலது கை மட்டும் கொஞ்சமும் பிசகாமல் ஓடும்.

நிகழ்ச்சியில் அவருக்கு நிலையான ஒரு காட்சி உண்டு. ஜன்னலுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். எல்லோரும் சேர்ந்து, “தாத்தா, ராத்திரிக்கு என்ன சாப்பாடு?” என்று கத்துவார்கள். அவர் துடைப்பதை நிறுத்தாமல், எதுகை மோனையோடு ஒரு சாப்பாட்டுப் பட்டியலை ஒப்பிப்பார். சோள ரொட்டி, பீன்ஸ், பன்றிக்கறி என்று அடுக்குவார். நடுவில் கை சட்டென்று சட்டத்தைத் தாண்டி வெளியே வரும். ஜன்னலில் கண்ணாடியே கிடையாது. இத்தனை நேரம் வெறும் காற்றில் அவ்வளவு அக்கறையாகத் துடைத்திருக்கிறார். கண்ணாடி இருப்பதாக நம்மை நம்பவைக்கும் அந்தக் கை அசைவுதான் அதில் கலை. மனைவி ரமோனா நல்ல ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) கலைஞர். இருவரும் கையிலும் காலிலும் மாட்டு மணிகளைக் கட்டிக்கொண்டு பாட்டு வாசிப்பார்கள். ஆளுக்குச் சில சுரங்கள் என்று பிரித்துக்கொண்டு, ஒரு மெட்டை இடைவெளி தெரியாமல் முடிக்க வேண்டும். பார்க்க வேடிக்கை, செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

ஜோன்ஸின் நெருங்கிய நண்பர் ஸ்ட்ரிங்பீன், இயற்பெயர் டேவிட் ஏக்மன். பெயருக்கேற்ற ஒல்லி உயரம். நீளமான சட்டை முழங்கால் வரை வரும், அதற்குக் கீழே ஒரு குட்டிக் கால்சட்டையை பெல்ட் போட்டு இறுக்கியிருப்பார். உடம்பு முழுக்க மேல்பாதியாகவும் கால்கள் ஒரு சாண் அளவாகவும் தெரியும். 1940களின் முதல் பாதியில், புளூகிராஸ் என்ற வேகமான கன்ட்ரி இசை வகையின் தந்தை எனப்படும் பில் மன்ரோவின் குழுவில் பேன்ஜோ வாசித்தவர் இவர். அவர் விலகியபின் அந்த இடத்துக்கு வந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ்தான் மூன்று விரல் வாசிப்பால் புளூகிராஸ் இசையின் முகத்தையே மாற்றினார். ஸ்ட்ரிங்பீன் பழைய முறையிலேயே நின்றார். அங்கிள் டேவ் மேகன் தன்னுடைய பேன்ஜோ ஒன்றை அவருக்கு விட்டுப்போனார் என்றால், அந்த மரபில் அதைவிடப் பெரிய பட்டம் வேறு கிடையாது.

ஹீ ஹாவில் அவர் சோளக்கொல்லையில் பறவை விரட்டும் சோளக்காட்டுப் பொம்மையாக நிற்பார். தோளில் ஒரு காக்கை பொம்மை. வீட்டிலிருந்து வந்த கடிதம் படிக்கும் காட்சியும் அவருடையது. “இதயத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டு மார்புப் பையில் தேடுவார், இருக்காது. அடுத்த பை, பின்பக்கப் பை என்று தட்டித் தட்டிப் பார்ப்பார். “இதயம்… இதயம்…” என்று முனகிக்கொண்டே தேடுவதை அவசரமே இல்லாமல் செய்வார். இன்றைக்கு எந்த எடிட்டரும் அந்த நேரத்தைக் கொடுக்க மாட்டார்.

அவருக்கும் மனைவி எஸ்டலுக்கும் நாஷ்வில்லுக்கு வடக்கே ரிட்ஜ்டாப் பக்கத்தில் ஒரு சின்ன மர வீடு. 1930களின் பெருமந்தத்தில் வங்கிகள் திவாலானதைப் பார்த்த தலைமுறை அது. ஸ்ட்ரிங்பீன் வங்கியை நம்ப மாட்டார், பணத்தைக் கையோடு வைத்திருப்பார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் காடிலாக் கார். அதையும் அவர் ஓட்டமாட்டார், எஸ்டல்தான் ஓட்டுவார். 1973 நவம்பர் 10, சனிக்கிழமை இரவு ஆப்ரியில் வாசித்துவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். பணத்துக்காக உள்ளே காத்திருந்தவர்கள் இருவரையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மறுநாள் காலை, சேர்ந்து வேட்டைக்குப் போகலாம் என்று கூட்டிப்போக வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கிராண்ட்பா ஜோன்ஸ்.

இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, 1990களில், அந்த வீட்டின் புகைபோக்கிச் செங்கல்லுக்குப் பின்னால் சுமார் 20,000 டாலர் பெறுமான நோட்டுகள் கிடைத்தன. எலி அரித்து, மக்கி, செல்லாக்காசாகிப் போயிருந்தன. ஹீ ஹாவில் அந்தச் சோளக்காட்டுப் பொம்மையை எடுக்கவில்லை. ஆள் இல்லாமல், கொல்லையில் அப்படியே நிற்க விட்டார்கள். பழைய துண்டுகளைப் பார்க்கும்போது அது கண்ணில் பட்டால் ஒரு நொடி நின்று பாருங்கள்.

மின்னி பேர்ல் பற்றி. வைக்கோல் தொப்பி, அதில் பூ, தொப்பியின் ஓரத்தில் தொங்கும் 1.98 டாலர் விலைச்சீட்டு, வந்ததும் தொண்டை கிழிய ஒரு “ஹவ்-டீ!”. இந்தப் பாத்திரத்தைச் செய்த சாரா ஆஃபிலியா காலி நல்ல வசதியான குடும்பத்தில் பிறந்தவர், நாஷ்வில்லின் வார்ட்-பெல்மான்ட் கல்லூரியில் நாடகம் படித்தவர். சின்ன ஊர்களில் உள்ளூர் ஆட்களை வைத்து நாடகம் போடும் ஒரு நிறுவனத்துக்காகத் தென் மாநிலங்கள் முழுக்கச் சுற்றினார். 1936இல் அலபாமாவின் மலைப்பகுதியில் ஒரு வயதான பெண்மணியின் வீட்டில் தங்க நேர்ந்தது. அந்த அம்மாள் கதை சொல்லும் விதம், பேச்சின் நடை, ஊரார் மேல் இருந்த பிரியம், இதெல்லாம் மனதில் ஒட்டிக்கொண்டது. மின்னி பேர்ல் அங்கிருந்து பிறந்தவள். 1940இல் ஆப்ரி மேடை ஏறினார். விலைச்சீட்டு முதலில் திட்டமிட்டதல்ல. தொப்பிக்குப் பூ வாங்கியபோது சீட்டைக் கழற்ற மறந்துவிட்டார், அது மேடையில் தொங்கியது, சிரித்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்.

நிறையப் பேர் கிராமத்தாரை வெளியிலிருந்து கேலி செய்வார்கள். இவர் அப்படிச் செய்யவே இல்லை. மின்னி பேர்லுக்குத் தான் அழகாக இருக்கிறோம் என்று நிஜமான நம்பிக்கை. புதுத் தொப்பி வாங்கிய சந்தோஷம் முகத்தில் வழியும். நாம் சிரிப்பது அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான். 50 வருடங்கள் அதைக் காப்பாற்றினார். 1991இல் பக்கவாதம் தாக்கிய பிறகுதான் மேடை நின்றது.

நிகழ்ச்சியை நடத்திய இருவருக்கு வருவோம். ராய் கிளார்க் 1933இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1940களின் கடைசியில், பதின்ம வயதிலேயே, தேசிய பேன்ஜோ போட்டியில் இரண்டு முறை வென்றவர். கிட்டார், பேன்ஜோ, ஃபிடில் மூன்றும் அவருக்கு ஒன்றுதான். முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகும், புருவம் ஏறி இறங்கும், அதற்குக் கீழே விரல்கள் பயங்கர வேகத்தில் ஒரு சுரம் தவறாமல் போய்க்கொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் முகத்தைக் கையால் மறைத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் பாருங்கள். நான் சொல்வது உடனே புரியும். 1969இல், ஹீ ஹா தொடங்கிய அதே வருடம், போன இளமையை நினைத்து வருந்தும், பிரெஞ்சுப் பாடகர் அஸ்நாவூரின் பாட்டை அவர் ஆங்கிலத்தில் பாடியது பெரிய வெற்றி. பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் அந்தப் பாட்டைத் தன் இறுதிச்சடங்கில் கிளார்க் பாட வேண்டும் என்று கேட்டிருந்தார். 1995இல் பாடினார். 1976இல் பனிப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே சோவியத் யூனியனுக்குக் கச்சேரிக்குப் போனார்.

பக் ஓவன்ஸின் கதை அவ்வளவு சுலபமில்லை. டெக்சாஸில் பிறந்தவர். 1937இல் வறட்சிக்கும் வறுமைக்கும் தப்பி அவருடைய குடும்பம் மேற்கே கிளம்பியது. வழியில் அரிசோனாவில் வண்டியின் கொக்கி உடைந்தது, அங்கேயே தங்கிவிட்டார்கள். பின்னர் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் மதுக்கூடங்களில் வாசித்து வளர்ந்தார். நாஷ்வில் அப்போது வயலின் கூட்டமும் கோரஸும் சேர்த்துப் பாட்டை மென்மையாக்கிக்கொண்டிருந்தது. ஓவன்ஸும் அவருடைய கூட்டாளி டான் ரிச்சும் அதற்கு நேர் எதிராகப் போனார்கள். கூர்மையான டெலிகாஸ்டர் கிட்டார், ஓங்கி அடிக்கும் டிரம்ஸ், இரண்டு குரல்கள் ஒட்டிப் பாடும் மேல்ஸ்தாயி. 1963இல் ‘ஆக்ட் நேச்சுரலி’ முதலிடம் பிடித்தது, 1965இல் அதையே பீட்டில்ஸ் பாடினார்கள். ஹீ ஹாவுக்கு வரும்போது ஓவன்ஸ் கன்ட்ரி இசையின் உச்சத்தில் இருந்தவர்.

நிகழ்ச்சி அவருக்குப் பணமும் வீட்டுக்கு வீடு அறிமுகமும் கொடுத்தது, பதிலுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டது. வாரா வாரம் வீட்டில் இலவசமாகச் சிரிக்க வைக்கும் ஆளின் இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்க மக்களுக்குத் தோன்றவில்லை. இசைப் புரட்சி செய்தவர் என்பது மறந்து, சிவப்பு-வெள்ளை-நீலக் கிட்டாரோடு சிரிக்கும் ஆள் என்பதுதான் மிஞ்சியது. இது அவரே பின்னால் வருந்திச் சொன்ன விஷயம். அதற்கு நடுவில் 1974 ஜூலையில் டான் ரிச் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அந்தக் குரல் போனபிறகு ஓவன்ஸின் பாட்டில் பாதி இல்லை. 1986இல் நிகழ்ச்சியிலிருந்து விலகினார். நல்ல வேளையாக, 1988இல் டுவைட் யோக்கம் என்ற இளைஞர் தேடி வந்து அவரோடு சேர்ந்து பாடிய பாட்டு மறுபடி முதலிடம் பிடித்தது. பேக்கர்ஸ்ஃபீல்டில் சொந்தமாக ஓர் இசையரங்கம் கட்டினார். 2006 மார்ச்சில் ஒரு நாள் உடம்பு சரியில்லை, இன்றைக்குப் பாடவில்லை என்று கிளம்பிவிட்டார். வெளியே நின்ற சிலர், உங்கள் பாட்டைக் கேட்கத்தான் ஓரிகனிலிருந்து வந்தோம் என்று சொன்னார்கள். திரும்பிப் போய்ப் பாடினார். அன்றிரவு தூக்கத்திலேயே இறந்தார்.

ஜிம்மி ரிடில், ஜாக்கி ஃபெல்ப்ஸ் இருவரும் வரும் துண்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். தவறவிடாதீர்கள். ஃபெல்ப்ஸ் உட்கார்ந்துகொண்டு தொடையிலும் மார்பிலும் உள்ளங்கையாலும் புறங்கையாலும் மாற்றி மாற்றி அடிப்பார். அதற்கு ‘ஹாம்போன்’ என்று பெயர். ரிடில் மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே விட்டும், விக்கலும் உறுமலும் கலந்த ஒரு தாளத்தைத் தொண்டையிலிருந்து கொண்டுவருவார். அது ‘ஈஃபிங்’. பன்றி, கோழிச் சத்தம் போல இருக்கிறது என்று சிரிக்கிறோம். ஹாம்போன் வந்த வழி வேறு. அடிமைகளிடமிருந்து பறையையும் முரசையும் பிடுங்கிய இடங்களில், அவர்கள் தங்கள் உடம்பையே முரசாக்கிக்கொண்ட வித்தை அது. பேன்ஜோவும் அவர்களுடையது. இதைச் சொல்லாமல் ஹீ ஹாவைப் பாராட்டினால் அது முழுமையான பாராட்டு ஆகாது. நிகழ்ச்சியின் முதல் வார விருந்தினராகப் பாடகி லொரெட்டா லின்னோடு கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடும் வந்தார். ஆனால் நிரந்தரக் குழு ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர்கள்தான்.

பெண்கள் விஷயத்திலும் எனக்குக் குறை உண்டு. குட்டைப் பாவாடையோடு வைக்கோல் மேல் சிரித்துக்கொண்டு உட்கார மட்டும் பல பெண்களைப் பயன்படுத்தினார்கள். அதற்கு நடுவில் ரோனி ஸ்டோன்மன் போன்ற ஒருவர் நுழைந்ததுதான் ஆறுதல். தலையில் சுருட்டிகளோடு இஸ்திரி மேசை முன்னால் நின்று, சோம்பேறிப் புருஷனைத் திட்டித் தீர்க்கும் ஐடா லீ அவர்தான். அவருடைய அப்பா எர்னஸ்ட் ஸ்டோன்மன், கன்ட்ரி இசையின் பிறப்பிடம் என்று சொல்லப்படும் 1927 பிரிஸ்டல் ஒலிப்பதிவுகளில் பாடியவர், 23 பிள்ளைகளுக்குத் தகப்பன். ரோனி 1950களிலேயே மூன்று விரல் பேன்ஜோ வாசிப்பைப் பதிவு செய்தவர், அப்படிப் பதிவு செய்த முதல் பெண் என்று அறியப்படுபவர். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு பேன்ஜோவை எடுக்கும்போது ஆளே வேறு.

லூலு ரோமன் டல்லஸில் ஓர் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். பருமனான உடம்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் முன் தானே ஜோக் சொல்லிவிடுவார். போதைப்பழக்கத்தில் சிக்கி நிகழ்ச்சியை இழந்தார். அதிலிருந்து மீண்டு வந்தபோது திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவர் பாட ஆரம்பித்தார், பெரிய கனத்த குரலில் பக்திப் பாடல்கள்.

எழுத்து வேலையில் பெரிய கை ஆர்ச்சி கேம்பல். டென்னசியின் புல்ஸ் கேப் என்ற சிற்றூர்க்காரர். சொற்களின் முதல் எழுத்துகளை இடம்மாற்றி, சிண்டரெல்லாவை ‘ரிண்டர்செல்லா’ ஆக்கி, முழுக் கதையையும் மூச்சுவிடாமல் சொல்லுவார். கோர்டி டேப், டான் ஹாரன் இருவரும் கனடாவிலிருந்து வந்த தேர்ந்த நடிகர்கள்.

வேஷம் போடாத ஒருவர் என்று சொன்னேனே, அவர் ஜூனியர் சேம்பிள்ஸ். ஜார்ஜியாவின் கம்மிங் ஊர்க்காரர், மரம் அறுக்கும் ஆலை வேலை, பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். ஏதோ ஒரு கடல் மீனின் தலையை வைத்துக்கொண்டு, ஏரியில் உலகிலேயே பெரிய மீனைப் பிடித்தேன் என்று அளந்துவிட்டார். அதிகாரி ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு விசாரிக்க வந்தார். அந்த விசாரணைப் பதிவு 1967இல் இசைத்தட்டாகவே வெளிவந்து கன்ட்ரி பட்டியலிலும் ஏறியது. அப்படித்தான் அவர் தொலைக்காட்சிக்கு வந்தார். வசன அட்டையைப் படிக்க அவருக்குத் தடுமாற்றம். ஒரு சொல்லில் சிக்குவார், திரும்ப ஆரம்பிப்பார், தானே சிரித்துவிடுவார். தயாரிப்பாளர் சாம் லவுல்லோ அந்தத் தடுமாற்றங்களை வெட்டாமல் வைத்தார். இதில் ஒரு மனிதரை இழிவுபடுத்துவது இருக்கிறதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவருடைய முகத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே நிற்கும் ஆர்ச்சி கேம்பல் அவசரப்படுத்தாமல், அடுத்த வரிக்குக் காத்துக்கொண்டு, அவர் சிரித்தால் சேர்ந்து சிரித்துக்கொண்டு நிற்பார். பழைய கார் விற்பவராக அவர் தூக்கிப் பிடித்த அட்டையில் இருந்த ‘பிஆர்-549’ என்ற தொலைபேசி எண் அந்தத் தலைமுறைக்கே மனப்பாடம்.

1971இல் சிபிஎஸ் இதை நிறுத்தியது. ஆள் பார்க்கவில்லை என்பதால் அல்ல. விளம்பரதாரர்களுக்கு நகரத்து இளைஞர்கள் வேண்டியிருந்தது. கிராமம் சார்ந்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எடுத்துவிட்டார்கள். தயாரிப்பாளர்கள் சோர்ந்துபோகாமல் ஒவ்வொரு ஊர்த் தொலைக்காட்சி நிலையத்துக்கும் நேரடியாக விற்றார்கள். அப்படியே 1992 வரை புதுப் பகுதிகள் வந்தன. இரண்டு வருடம் ஓடிய நெட்வொர்க் நிகழ்ச்சி, அதற்கு வெளியே இருபது வருடம் ஓடியது.

நீங்கள் எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றால், ஜோக் துண்டுகளை விட்டுவிட்டு ‘ஹீ ஹா காஸ்பல் குவார்ட்டெட்’ என்று தேடுங்கள். நிகழ்ச்சி முடியப்போகும் நேரத்தில் வரும். பக் ஓவன்ஸ், ராய் கிளார்க், கிராண்ட்பா ஜோன்ஸ், பாடகர் கென்னி பிரைஸ், நான்கு பேர். பழைய தேவாலயப் பாட்டு ஒன்று. பின்னணிச் சிரிப்பு கிடையாது, ஆட்டம் கிடையாது, கிளார்க்கின் முகம்கூடக் கோணாது. நால்வரும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாடுவார்கள்.